எந்த நாடு?

விசா முடிந்த பிறகும் என் மனைவி ஏழு மாதம் கொல்லிமலையிலேயே இருந்துவிட்டாள். அவள்மேல் தப்பில்லை. தப்பு என்னுடையது.

அவள் இந்தோனேசியாக்காரி. மலேசியாவில் நான் வேலை பார்த்த சாப்பாட்டுக் கடையில்தான் அவளும் இருந்தாள். சுற்றுலா விசாவில் கூட்டிவந்து, அரியூர் நாட்டில் எங்கள் கோயிலில் தாலி கட்டினேன். ஊர்ப் பெரியவர் பந்தியில் உட்கார்ந்தபடி, "இனிமே இந்தப் புள்ளை நம்ம நாட்டுப் புள்ளைங்க" என்று சத்தமாகச் சொன்னார். மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அதற்கு நாடு என்று பெயர். நாடே சொல்லிவிட்டது, இனி எவன் கேட்பான் என்று அவளுடைய பாஸ்போர்ட்டைப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். முட்டாள்.

வந்த புதிதில் ஒருநாள் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக் காட்டில் கொழுந்து இலையாகக் கிள்ளி மடி நிறையக் கொண்டுவந்தாள். அவர்கள் ஊரில் அதுதான் கீரையாம். அம்மா அலறினாள்.

"ஐயோ சாமி, அதை மாடு தின்னாலே செத்துப்போவும்!"

"நான் மாடு இல்லீங்க அத்தை."

நன்றாக வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு, தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிட்டாள். எப்போது விழுவாள் என்று அம்மா அன்று முழுக்க அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த முறை அவள் செய்தபோது அம்மா தனக்கும் இரண்டு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டாள். அந்த நாட்கள் போல எனக்கு இனி வராது.

அவளுடைய அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று போன் வந்தது. நாமக்கல்லில் டிக்கெட் போடப் போனோம். பாஸ்போர்ட்டைப் புரட்டிய ஆள், "ஏனுங்க, விசா முடிஞ்சு ஏழு மாசம் ஆச்சே, பாக்கலீங்களா?" என்றான். நாட்டைவிட்டுப் போவதற்கே அனுமதி வாங்க வேண்டுமாம். சென்னைக்குப் போனோம். அலுவலகத்தில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமல் அவளைக் கேட்டார்.

"எந்த நாடு?"

"அரியூர் நாடுங்க."

அறையே சிரித்தது. அவளுக்கு ஏன் என்று புரியவில்லை. தானும் சேர்ந்து சிரித்தாள். எனக்கு அந்த மேசையைக் கவிழ்க்க வேண்டும் போல இருந்தது.

"இதைத்தான் சொல்லிக் குடுத்தியாய்யா?" என்றார் அவர் என்னிடம்.

"எங்க ஊரே சொல்லிக் குடுத்துச்சுங்க" என்றேன். போக அனுமதித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, அவளுக்கு மறுபடி விசா கிடைப்பது சந்தேகம்தான் என்றார்.

அவள் தன் அம்மாவிடம் போய்விட்டாள். அவள் வர முடியாது என்றால் நான் போகிறேன். மிளகு பறித்து முடித்ததும் கிளம்புகிறேன். நேற்றும் போனில் எச்சரித்தாள்.

"இறங்குனதும் எந்த நாடுன்னு கேப்பாங்க. அரியூர்னு சொல்லித் தொலைச்சுடாதீங்க!"

அம்மாவுக்கும் கேட்டது. இருவரும் ஒன்றாகச் சிரித்தார்கள், ஒருத்தி போனில், ஒருத்தி அடுப்படியில்.

எனக்கு அங்கே முப்பது நாள்தான் கொடுப்பார்களாம். முப்பத்தொன்றாம் நாளைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.