எதிராளியின் பேரும் ஊரும்

அம்சவல்லிக்கு யாரையும் சட்டென்று நம்பிப் பழக்கமில்லை. கோயிலில் திருநீறு கொடுத்தால்கூட, பக்கத்தில் நிற்கிறவள் கையில் எவ்வளவு விழுந்தது என்று ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பூசிக்கொள்வாள். அதற்காக அவளைக் குறை சொல்லவும் முடியாது. மாப்பிள்ளைக்கு நெய்வேலியில் வேலை என்று சொல்லித்தான் அவளைக் கருவேப்பிலங்குறிச்சியில் கொண்டுவந்து கட்டிக்கொடுத்தார்கள். வேலை நெய்வேலியில்தான், அதில் ஒரு பொய்யும் இல்லை. டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற வேலை என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. புருஷன் கொளஞ்சிநாதன் தங்கமான மனுஷன், அது வேற. ஆனால் அன்றிலிருந்து யார் என்ன பேசினாலும், சொன்னதை விட்டுவிட்டுச் சொல்லாததைத்தான் அவள் தோண்டிக்கொண்டிருப்பாள்.

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் உலகநாதன் கம்பெனி என்றால் தெரியும். கரண்டு கம்பத்தில் மாட்டுகிற இன்சுலேட்டர் செய்கிறார்கள். அச்சிலிருந்து எடுத்த பச்சை உருப்படியை ஓரம் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, பலகையில் அடுக்குவது அம்சவல்லியின் வேலை. பொண்ணு பால்வாடிக்குப் போன காலத்தில் சேர்ந்தாள். இப்போது அந்தப் பொண்ணுக்கே பொண்ணு பால்வாடி போகிறது. கொளஞ்சிநாதனுக்கு முட்டி போய்விட்டது, பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் நிற்க முடியாது. வூட்டில் அடுப்பு எரிவது அவளுடைய அந்த மேசையால்தான்.

அப்படி இருக்கும்போதுதான் சூளை வாசலில் கேமரா வைத்தார்கள். வெந்து வெளியே வருகிற உருப்படியில் கீறல், மங்கல், புள்ளி எல்லாவற்றையும் அதுவே பார்த்துச் சொல்லுமாம். யார் மேசையில் சீவியது என்றும் அதற்குத் தெரியுமாம், பலகையில் மேசை நம்பர் இருக்கிறதே. சுவரில் ஒரு டிவி மாட்டினார்கள். மேசை நம்பருக்கு எதிரே பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கலர் விழும். வெளியூர்க் கம்பெனிக்காரர்கள் ரெண்டு பேர் வந்து மாட்டிவிட்டு, சூப்பர்வைசர் பிரேம்நாத்துக்கு ஒரு பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டு, அன்றைக்கே காரில் ஏறிப் போய்விட்டார்கள்.

அவர்கள் போன சூட்டோடு வந்தது அந்தப் பொண்ணு, கயல்விழி. யுனிவர்சிட்டியில் ஆராய்ச்சி பண்ணுகிறதாம். ஒல்லியாக, தோளில் லேப்டாப் பையோடு வந்து எல்லார் பக்கத்திலும் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தது.

"மிஷின் எடுக்கற முடிவு நியாயமா இருக்குதா, ஏன் அப்படி எடுத்துச்சின்னு கேட்டா காரணம் சொல்லுதா, உங்க விவரம் வெளிய போவாம பத்திரமா இருக்குதா, அதைத்தான்க்கா நாங்க பாக்கறோம்" என்றது.

மிஷினுக்கே நியாயம் பார்க்க ஆள் போட்டிருக்கிறார்களா? அம்சவல்லிக்கு அப்போதே மூக்கு வேர்த்தது. போதாக்குறைக்கு, "உங்க பேரு வேணாம்க்கா, நீங்க சொல்லவும் வேணாம்" என்று சொல்லி ஆளுக்கொரு நம்பர் வில்லையைக் கொடுத்தது. பேரு வேண்டாமாம். ஆனால் வயசு வேணும், எத்தனை வருஷ சர்வீஸ் வேணும், கண்ணாடி போடுறீங்களா, கை நடுங்குதா, எந்த பஸ்ஸில் வர்றீங்க, எத்தனை மணிக்கு மேசையில் உட்கார்றீங்க, அத்தனையும் வேணும். நான் எந்த பஸ்ஸில் வந்தால் இவளுக்கு என்ன? கருவேப்பிலங்குறிச்சி மொத பஸ்ஸு என்று வேண்டாவெறுப்பாகச் சொல்லி வைத்தாள்.

"பேரு வேணாங்கறவங்கதான் ஆளையே முழுங்குவாங்க, பாரு" என்று பக்கத்து மேசை துர்காதேவியிடம் சொன்னாள்.

"உனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல? அது பச்சப்புள்ள மாதிரி இருக்குது" என்றாள் துர்காதேவி.

சொல்லி வைத்தாற்போல் அடுத்த வாரத்திலிருந்து அம்சவல்லியின் மேசை நம்பருக்கு எதிரே சிவப்பு. அடுத்த வாரமும் சிவப்பு. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு சீவினாள், ஸ்பாஞ்சை மாற்றினாள், டீ குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. சிவப்பு அசையவில்லை. வளவளவென்று பேசிக்கொண்டே சீவுகிற துர்காதேவிக்குப் பச்சை.

"நான் என்னா தப்பு பண்ணேன், அதையாவது சொல்லு" என்று பிரேம்நாத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு என்னாக்கா தெரியும்? மிஷின் சொல்லுது."

முதலாளியிடம் போனாள். உலகநாதன் நல்லவிதமாகத்தான் பேசுவார், அதுதான் பயம். "நான் சொல்லலம்மா, சிஸ்டம் சொல்லுது. இந்த மாசம் பாப்போம். அப்படியே இருந்துச்சின்னா கொஞ்ச நாளு வூட்ல ரெஸ்ட் எடுத்துக்க" என்றார். ரெஸ்ட் எடுக்கப் போன யாரும் திரும்பி வந்ததில்லை. அவள் கண்ணெதிரே கேமரா கம்பெனிக்காரனுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கத்து ஆளும், "அது டேட்டா வெச்சி அதுவாவே முடிவு பண்றது சார்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

அவளுக்கு வயிறு எரிந்தது. அடிமடியில் கை வைத்தது யாரென்று ஒருத்தன் வாயிலிருந்தும் வரவில்லையே! போலீசுக்குப் போகிற விஷயமா இது? விருத்தாசலத்துக்காரிக்குப் போக வேற இடம் தெரியும். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் போய்ப் பிராது கட்ட வேண்டியதுதான். காகிதத்தில் குறையை எழுதி சாமி காலடியில் வைத்து, முனியப்பர் சந்நிதி வேலில் கட்டிவிட்டால், அப்புறம் அவர் பாடு, எதிராளி பாடு.

ஞாயிற்றுக்கிழமை போனாள். அங்கே பிராது எழுதித் தருகிறவர் காகிதத்தை எடுத்துக்கொண்டு கேட்டார்.

"எதிராளி பேரு?"

"மிஷினு."

அவர் சிரிக்கவில்லை. "மிஷினுக்கு அப்பா பேரு என்னாம்மா? எந்த ஊரு? பேரும் ஊரும் இல்லாம யாரைப் போயி அவரு விசாரிப்பாரு?"

நியாயமான கேள்வி. முதலாளி பேரைப் போடலாம், ஆனால் அவர்தான் நான் இல்லை என்கிறாரே, சோறு போடுகிறவர் வேற. பிரேம்நாத்துக்குக் கைக்குழந்தை. கேமரா கம்பெனிக்காரன் பேரு அவளுக்குத் தெரியாது, ஊரும் தெரியாது. யோசித்துக்கொண்டே வெளியே வந்தாள். பஸ்ஸில் உட்காரும்போது அவளுக்குப் பளிச்சென்றது. இவ்வளவுக்கும் நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கை நடுங்குதா என்று கேட்டவள் ஒருத்தி இருக்கிறாளே!

திங்கட்கிழமை மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து, "வா பாப்பா, கருவாட்டுக் கொழம்பு, ஒரு வாய் தின்னு" என்று கூப்பிட்டாள். கயல்விழிக்கு முகமெல்லாம் சிரிப்பு. இத்தனை நாளாக இந்த அக்கா ஒரு வார்த்தை முகம் கொடுத்துப் பேசினதில்லை.

"எந்த ஊரு நீ?"

"திட்டக்குடிக்கா."

"திட்டக்குடியில எங்க? அப்பா பேரு?"

"பாண்டியன்க்கா. பஸ் ஸ்டாண்டு பின்னாடி தெரு. ஏன்க்கா, தெரிஞ்சவங்க இருக்காங்களா?"

"இருக்காங்க, இருக்காங்க" என்று இன்னொரு துண்டு கருவாட்டை எடுத்து வைத்தாள். வாயில் சோற்றோடு அந்தப் பொண்ணு முழு விலாசத்தையும் சொன்னது. நம்மிடம் பேரே வேண்டாம் என்றது, தன் பேரை இப்படி அள்ளிக் கொடுக்கிறதே என்று ஒரு நொடி உறுத்தியது. உறுத்தினால் என்ன, அடுத்த ஞாயிறு போய்க் கட்டிவிட்டாள். கயல்விழி, தகப்பன் பேர் பாண்டியன், திட்டக்குடி.

கட்டிவிட்டு வந்த வாரமே கயல்விழி வரவில்லை. துர்காதேவிதான் சேதி கொண்டுவந்தாள். "பாவம், சேத்தியாத்தோப்பு பக்கம் ஸ்கூட்டரோட வுழுந்துடுச்சாம். கை முறிஞ்சிடுச்சாம்."

சாமி கேட்டுவிட்டார் என்று அம்சவல்லிக்கு முதலில் நெஞ்சு நிமிர்ந்தது, பொய் சொல்வானேன். டீ வருவதற்குள் அதுவே பயமாக மாறிவிட்டது. தன் பொண்ணு வயசு. ஒல்லிக் கை. டிவியில் அவள் நம்பருக்கு எதிரே இருந்த சிவப்பும் மாறவில்லை, அப்படியே எரிந்துகொண்டிருந்தது. அப்படியென்றால் சாமி யாரைத் தண்டித்தார்?

மாசக் கடைசியில் பிரேம்நாத் தரையைப் பார்த்துக்கொண்டே வந்தான். "மொதலாளி ரூமுக்குக் கூப்புடறாருக்கா."

உள்ளே போனால் கயல்விழி உட்கார்ந்திருக்கிறது. வலது கையில் மாவுக்கட்டு, கழுத்தில் தூளி. இடது கையாலேயே லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருந்தது. அம்சவல்லிக்கு அந்தக் கட்டைப் பார்க்க முடியவில்லை. வேலையிலிருந்து நிறுத்துவதற்கு இவளையும் சாட்சிக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாள்.

"சார், அந்த மிஷின் எதைப் பாத்து சிவப்பு போடுதுன்னு பிரிச்சுப் பாத்துட்டேன்" என்றது கயல்விழி. "அது கீறலைப் பாக்கல, ஓரத்தைப் பாக்கல. மங்கலைப் பாக்குது. மங்கல் எங்க வருது? சூளை வண்டியில அடித்தட்டுல. அங்க சூடு பத்தறதில்ல."

"அது தெரிஞ்ச கதைதானம்மா" என்றார் உலகநாதன்.

"நமக்குத் தெரியும், மிஷினுக்குத் தெரியாது சார். அது மேசை நம்பரை மட்டும் பாத்து, ஆளு தப்புன்னு எழுதிக்குது. இந்த நம்பர்க்காரங்க மொத பஸ்ஸுல வர்றாங்க. மொத பலகை இவங்களுது. மொத பலகை எப்பவும் அடித்தட்டுலதான் ஏறுது. கடைசியா வர்றவங்களுக்குப் பச்சை."

காலையில் எல்லாருக்கும் கடைசியாக வருகிறவள் துர்காதேவி.  எந்த பஸ்ஸு என்று கேட்டதற்காகத்தானே அம்சவல்லி இந்தப் பொண்ணை மனசுக்குள் அத்தனை திட்டு திட்டினாள்? வெட்கமாக இருந்தது, அழுகையாகவும் வந்தது.

ஆனால் உலகநாதன் இறங்கி வரவில்லை. "நீ சொல்றது சரியாவே இருக்கட்டும். சிஸ்டம் குடுத்த ரிப்போர்ட்டு பதிவாயிடுச்சி. ஒருத்தருக்கு மாத்தினா நாளைக்கு எல்லாரும் வந்து மாத்துன்னுவாங்க. மிஷினு நிறுத்தச் சொல்லுது, நான் என்னா பண்றது?"

அழுகை அங்கேயே நின்றது. அம்சவல்லி மேசைமேல் கிடந்த ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"சரி மொதலாளி, நான் போறேன். என்னை நிறுத்துனது யாருன்னு மட்டும் இதுல பேரும் ஊரும் எழுதிக் குடுங்க. தகப்பனார் பேரும் போடுங்க."

அந்த அறையில் இருந்தவர்கள் எல்லாரும் இந்தப் பக்கத்து ஆட்கள். அந்தத் தாள் எங்கே போகும் என்று யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. உலகநாதன் மணவாளநல்லூர் பக்கம் கார் போனாலே கண்ணாடியை இறக்கிக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர். பேனாவை எடுத்தார், மூடியைத் திறந்தார், மூடினார். பிரேம்நாத் பக்கம் நீட்டினார். பிரேம்நாத் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"மிஷின் பேரையே போட்டுடலாமே" என்றார் கடைசியில், குரல் இறங்கி.

"அதுக்கு அப்பா பேரு என்னா மொதலாளி?"

 உலகநாதன் தாளை மெதுவாக அவள் பக்கமே தள்ளினார். "போயி வேலையப் பாரும்மா" என்றார். அப்புறம் பிரேம்நாத்திடம் எரிந்து விழுந்தார். "அந்த டிவியக் கழட்டு. பலகைய மாத்தி மாத்தி ஏத்து. இனிமே யாரையாவது நிறுத்தணும்னா, யாரு நிறுத்துறதுன்னு கையெழுத்து போட்டுட்டு வந்து என்கிட்ட பேசுங்க."

வெளியே வந்ததும் அம்சவல்லி அந்தப் பொண்ணைச் சுவரோரம் நிறுத்தினாள். மென்று முழுங்கிப் பிரயோசனம் இல்லை. "பாப்பா, ஒம் பேருல பிராது கட்டியிருக்கேன். அன்னைக்குக் கொழம்பு ஊத்திக் கேட்டது அதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டாள்.

கயல்விழிக்கு முகம் சுருங்கிப் போயிற்று. "ஸ்கூட்டரு மணல்ல சறுக்குச்சிக்கா, வேற ஒண்ணும் இல்ல" என்றது. அப்புறம் மாவுக்கட்டைத் தடவிக்கொண்டே, "அப்பா பேரையும் போட்டீங்களா?" என்றது.

"போட்டேன்."

"அவருக்கு ஏற்கெனவே நெஞ்சுவலி. ஞாயித்துக்கிழமை வரைக்கும் வேணாம், இன்னைக்கே போயி எடுத்துடுவோம் வாங்க."

சாயங்காலம் ரெண்டு பேரும் மணவாளநல்லூருக்குப் போனார்கள். கட்டின பிராதைத் திரும்ப எடுப்பதற்கு அங்கே ராஜினாமா என்று பேர். பேரு, ஊரு, தகப்பன் பேரு எல்லாவற்றையும் சொல்லி, தலைக்குமேல் கை குவித்துக் கும்பிட்டு, என் தப்பு என்று அம்சவல்லி வாய்விட்டே சொன்னாள். கயல்விழி பக்கத்தில் நின்று திருநீறு பூசிக்கொண்டது. அதன் கையில் எவ்வளவு விழுந்தது என்று அன்றைக்கு அம்சவல்லி பார்க்கவில்லை.

"ஏன் பாப்பா, ஒன் ஆராய்ச்சியில என்னைப் பத்தி எழுதுவியா?"

"எழுதுவேன். ஆனா உங்க பேரு எங்கயும் இல்லக்கா. அன்னைக்கு இருந்த மாதிரி வெறும் நம்பருதான்."

 அம்சவல்லி பிராது எழுதுகிறவரிடம் திரும்பிப் போய், எழுதாத காகிதம் ஒன்று வாங்கி, நாலாக மடித்து டிபன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

கயல்விழி பார்த்துவிட்டது. "இன்னொண்ணு எதுக்குக்கா? டிவியத்தான் கழட்டச் சொல்லிட்டாரே."

"டிவியத்தான கழட்டச் சொன்னாரு. கேமரா அங்கதான இருக்குது" என்றாள் அம்சவல்லி. "பேரு தெரியவரும்போது எழுதிக்கலாம்."