இன்று: கடலில்

அக்கா முதன்முதலில் செய்த வலைப்பக்கம் பார்க்கச் சகிக்கவில்லை. வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்து, இடது ஓரமாக ஒட்டிக்கொண்டு, மேலிருந்து கீழே கொட்டிக் கிடந்தது. எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்துப் படகுகளின் பெயர், படகுக்காரர் பெயர், அன்றைக்கு என்ன மீன் என்று ஆளுக்கு ஒரு வரி. பொன்னேரியில் இருக்கிறவர்கள் போனிலேயே அதைப் பார்த்துவிட்டு மீன் வாங்கக் கிளம்பி வரவேண்டும் என்பது அவள் ஆசை. அவள் பொன்னேரிக் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தாள். நான் ஐந்தாம் வகுப்பு.

பக்கத்து வீட்டிலிருந்து மாமா வந்து லேப்டாப்பை எட்டிப் பார்த்தார். எங்கள் நைனாவின் தங்கையைக் கட்டியவர்.

"இன்னாம்மா இது, ரேஷன் கடை போர்டு மாரி கீது" என்றார்.

"இரு மாமா, இன்னும் சொக்கா போடல" என்றாள் அக்கா.

சொக்கா, அதாவது சட்டை, என்று அவள் சொன்னது ஒரு சிஎஸ்எஸ் பிரேம்வொர்க்கை. பக்கத்துக்கு வேண்டிய நிறம், கட்டம், இடைவெளி எல்லாவற்றையும் யாரோ முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள். நாம் அதைக் கூப்பிட்டுக்கொண்டால் போதும். பெரிய பெரிய பிரேம்வொர்க்குகள் இருந்தன. அவற்றை எங்கள் ஊர் சிக்னல் தாங்காது என்று, இருப்பதிலேயே லேசான ஒன்றை அக்கா தேடிப் பிடித்திருந்தாள். ஒரே ஒரு சின்ன ஃபைல். அது எங்கள் பக்கத்தோடு இருக்காது, எங்கோ தூரத்து கம்ப்யூட்டரில் இருக்கும். பக்கத்தைத் திறக்கும் போதெல்லாம் அங்கிருந்து வந்து சேரவேண்டும். அதைக் கூப்பிடும் வரியை அக்கா பக்கத்தின் அடியில் எழுதினாள். படகுகளுக்கு 'கார்டு' என்றும், அவற்றைச் சேர்த்து 'ரோ' என்றும் பெயர் கொடுத்தாள். மறுபடி திறந்தாள்.

கொட்டிக் கிடந்ததெல்லாம் எழுந்து வரிசையில் நின்றது. ஒவ்வொரு படகுக்கும் ஒரு பெட்டி, பெட்டியைச் சுற்றி மெல்லிய நிழல், மேலே கடல் நிறத்தில் ஒரு பட்டை. மாமாவுக்கு அதைப் பார்த்து மாளவில்லை. அந்த வரியை எடுக்கச் சொன்னார், போடச் சொன்னார், மறுபடி எடுக்கச் சொன்னார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னிக்கி இன்னா மீனுன்னு போடறது மாமா?" என்று அக்கா கேட்டாள்.

"மீனு எங்க, இனிமேதான போறேன். கடல்லனு போடு."

அவருடைய பெட்டியில் அக்கா அப்படியே அடித்தாள். 'இன்று: கடலில்.'

கூடப் போகிறவருக்குக் காய்ச்சல். மாமா தனியாகத்தான் போனார். மறுநாள் படகு மட்டும் வந்தது. கவிழவில்லை, உடையவில்லை. ஏரி கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்குத் தெற்கே, யாரோ ஓட்டி வந்து நிறுத்தியதைப் போல மணலில் ஏறி நின்றது. வலை மடித்த மடிப்புக் கலையாமல் இருந்தது. சோற்றுத் தூக்கைத் திறக்கவே இல்லை. ஆண்கள் பல நாள் தேடினார்கள். ஏரியிலும் கிடைக்கவில்லை, கடலிலும் கிடைக்கவில்லை.

நைனா ஒரு நாள் குறித்துக் காரியத்தை முடித்தார். அத்தை உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்தாள், கழற்றச் சொன்னதைக் கழற்றிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம், நைனாவின் போனில் நான் அக்காவின் பக்கத்தைத் திறந்தேன். வெளியே வெயிலில் மீன் காய்ந்துகொண்டிருந்தது. குப்பம் முழுக்க ஒரு சத்தமும் இல்லை. பக்கம் முதல் நாள் பார்த்த மாதிரியே நிறமில்லாமல், கட்டமில்லாமல் வந்தது. பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். எல்லோருக்கும் கீழே, கடைசியாக, மாமாவின் படகு. மாமாவின் பெயர். இன்று: கடலில்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிறம் வந்தது. பெட்டிகள் எழுந்து வரிசை கட்டின. மாமா இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. அவர் இருந்ததாகக் காட்ட ஓர் இடைவெளிகூட இல்லை.

போனைப் போட்டுவிட்டு அம்மாவிடம் ஓடினேன். அம்மா எனக்கு வேப்பிலை அடித்தாள். ஆனால் பார்த்தது நான் மட்டும் இல்லை என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஐஸ் கடைக்காரர் பார்த்திருந்தார். வலை பின்னும் இடத்தில் இரண்டு பேர் பார்த்திருந்தார்கள். மாமா வருகிறார், நின்று பார்க்கிறார், ஆள் பார்த்தால் போய்விடுகிறார் என்று பேச்சு கிளம்பி, கடைசியில் நைனாவின் காதுக்கு வந்தது. நைனா அக்காவைக் கூப்பிட்டார். பேச்சைக் கேட்டு அத்தையும் வந்து வாசற்படியில் நின்றாள்.

"இன்னா பண்ணி வெச்சிக்கீற?"

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அழிக்கல நைனா. கை வரல. மறைச்சி வெச்சேன். அந்த பிரேம்வொர்க்குல மறைக்கறதுக்குனு ஒரு வார்த்த கீது, அத மாமா பொட்டியில போட்டேன். ஃபைலு வந்து சேந்தா மறைச்சிடும். சிக்னல் இல்லாம அது வர்றதுக்கு லேட்டாச்சின்னா மறைக்க ஆளில்ல. எழுத்து மட்டும் மின்னாடி வந்துடுது."

நைனாவுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. "செத்தவன் பேர வெச்சி வெளையாடற வேலையா இது? இப்பவே அழி" என்றார்.

அக்கா லேப்டாப்பைத் திறந்தாள். மாமாவின் பெட்டி இருந்த வரிகளைத் தேடி எடுத்தாள். விரல் பொத்தான்மேல் இருந்தது.

"அழிச்சா அவரு எங்க போவாரு, அண்ணா?" என்றாள் அத்தை.

சாதாரணமாகத்தான் கேட்டாள், காய் என்ன விலை என்று கேட்கிற குரலில். நைனா அவளையே பார்த்தார். பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கரைக்குப் போய்விட்டார். அக்கா லேப்டாப்பை மூடி வைத்தாள்.

எனக்குப் பயம் தீரவில்லை. அக்காவைத் தனியாகப் பிடித்து, மாமா வராமல் செய்ய வழியே இல்லையா என்று கேட்டேன்.

"கீது. அந்த வரிய மேல எழுதணும். மேல எழுதினா ஃபைலு வர்றவரைக்கும் பக்கம் காத்துனு இருக்கும். நான்தான் தெரியாம அடியில எழுதிட்டேன். காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்க."

"அப்ப மேல எழுது."

"போய்ப் படி" என்றாள்.

அத்தை தினமும் முகத்துவாரத்துக்கு நடக்க ஆரம்பித்தாள். சிக்னல் வேண்டுமென்றால் எங்கள் ஊரில் எல்லோரும் லைட்ஹவுஸ் பக்கம்தான் போவார்கள். அவள் எதிர்ப்பக்கம் போனாள். ஒருநாள் அவளைச் சாப்பிடக் கூப்பிட்டு வரச்சொல்லி அம்மா என்னை அனுப்பினாள். ஏரித் தண்ணீர் கடலுக்குள் இறங்கும் இடத்தில், ஈர மணலில், முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் ஆள் இல்லை, பறவைகூட இல்லை. தண்ணீர் மட்டும் சத்தம் போடாமல் வெளியே போய்க்கொண்டிருந்தது.

தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அவளுடையது பழைய போன்; இடமே இல்லாததால் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது, ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் புதிதாகக் கேட்டு வாங்கும். திரையில் வெறும் எழுத்து. கடைசியில் மாமாவின் பெயர். இன்று: கடலில். அத்தை அசையவில்லை. நானும் அசையவில்லை. காற்று தெற்கே திரும்பியது போலிருந்தது. அதற்கும் சிக்னலுக்கும் சம்பந்தம் உண்டா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நிறம் வந்தது, பெட்டிகள் வந்தன, அவர் போய்விட்டார். அத்தை உடனே பக்கத்தை மூடித் திறந்தாள். மறுபடி வெறும் எழுத்து. மறுபடி அவர்.

அவளும் என்னைப் போலப் பயப்படுகிறாள் என்று நினைத்தேன். அவர் நிஜமாகவே போய்விட்டாரா என்று சரிபார்க்கத்தான் திரும்பத் திரும்பத் திறந்து பார்க்கிறாள் என்று எனக்குப் பட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அது ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்தது போலச் சில்லிட்டிருந்தது.

அடுத்த வருடம் குப்பத்துக்குப் பின்னால் ஒரு டவர் எழும்பியது. முகத்துவாரம் வரைக்கும் முழு சிக்னல். நான் நைனாவின் போனில் திறந்து பார்த்தேன். பக்கம் திறக்கும்போதே நிறத்தோடு திறந்தது. எத்தனை தடவை திறந்தும் மாமா வரவில்லை. எனக்கு அப்படி ஒரு நிம்மதி. நல்ல சேதியை முதலில் சொல்லவேண்டும் என்று அத்தை வீட்டுக்கு ஓடினேன். நண்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அத்த, இனிமே மாமா வரமாட்டாரு. டவர் வந்துட்ச்சில்ல."

அவள் கை நின்றது. "டவர் எடுக்காத எடம் எங்கனா கீதா?" என்று கேட்டாள்.

எனக்கு ஒன்று தெரிந்திருந்தது. ஏரிக்கு நடுவே, வடக்கே தள்ளி இருந்த தீவிலிருந்து எங்கள் வகுப்புக்கு ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். அவர்கள் ஊரில் போன் சரியாக எடுக்காது, படம் ஒன்று திறப்பதற்குள் சோறு வெந்துவிடும் என்று சொல்லிச் சிரிப்பாள். அதை அத்தையிடம் சொன்னேன். ஒரு கேள்விக்குச் சரியான பதில் சொல்லிவிட்ட பெருமையோடு வீட்டுக்கு வந்தேன்.

அந்த மாதமே அத்தை வீட்டைப் பூட்டினாள். தீவில் தூரத்து உறவு இருந்தது. ஏரியில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் பெண்களோடு சேர்ந்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். நைனா சத்தம் போட்டார். அம்மா அழுதாள். அக்கா மட்டும், பக்கம் திறக்கிறதா என்று அத்தையின் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, திருப்பிக் கொடுத்தாள்.

நாங்கள் படகுத்துறையில் நின்றோம். அத்தை ஒரு கையில் துணிமூட்டையும் மற்றதில் போனுமாகப் படகில் ஏறி உட்கார்ந்தாள். அழவில்லை, அக்கம்பக்கத்தில் விருந்துக்குக் கிளம்பியவளைப் போல இருந்தாள். படகு ஏரியின் வெளிச்சத்துக்குள் சிறுத்துக்கொண்டே போனது. இத்தனை நாள் கழித்து ஊருக்கு நல்ல சிக்னல் வந்திருக்கும்போது இவள் போய் அப்படி ஓர் இடத்தில் மாட்டிக்கொள்கிறாளே, பாவம், என்று நான் நினைத்துக்கொண்டேன்.