பன்னீர்ச் செம்பும் பெண்ணியமும்

தமிழ் படிப்பிப்பது அவ்வளவு களைப்பான தொழில் அல்ல. பிள்ளைகளைக் குழுவாகச் சேர்த்துச் செயற்றிட்டம் செய்விப்பதுதான் ஆளைத் தின்னும். ஆசிரியத் தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு இதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இம்முறை உயர்தர வகுப்புக்கு வந்த தலைப்பு, ‘இலக்கியத்தில் பெண்ணியம்’.

தலைவர் தெரிவு

கரும்பலகையில் எழுத நான் வெண்கட்டி எடுத்து வருவதற்குள் டிலக்சன் குழுத் தலைவராகிவிட்டான். கதைகளைத் தேடுவது, வாசிப்பது, கட்டுரை எழுதுவது எல்லாம் அதே குழுவிலிருந்த ரெஜினாவின் தலையில் விழுந்தது. வலயப் போட்டி மேடையில் வாசிப்பது மட்டும் தலைவரின் வேலையாம். தெரிவாகும் குழுவில் மேடையேறியவர் யாழ்ப்பாணத்தில் நடக்கும் மாகாணப் போட்டிக்குப் போகலாம். ரெஜினாவுக்கு அந்த ஆசை இருந்தது. வகுப்பு முடிந்தபின் என்னிடம் வந்து சொன்னாள்.

மாதா கோயில் ஞாயிறு பூசையில் மின்சாரம் நின்றாலும் கடைசி வாங்கில் இருப்பவருக்கும் கேட்க வேதாகம வாசகம் வாசிக்கிறவள் அவள். அவளே வாசிக்கட்டுமே என்று டிலக்சனிடம் சொல்லிப் பார்த்தேன்.

“அவளின்ர எழுத்து வடிவு டீச்சர். வடிவா எழுதுற ஆள்தானே எழுதோணும்.”

ஐந்து மணி

பள்ளிக்கூடம் விட்டபிறகு குழு கூடும். கொஞ்ச நேரத்தில் தலைவர் பந்தடிக்கப் போய்விடுவார். ரெஜினாவின் தகப்பன் கடலுக்குப் போகிறவர். மகளைக் கூட்டிப்போக ஐந்து மணிக்கே சைக்கிளோடு வந்து நிற்பார். முகத்தில் கோபமே இருக்காது, அதுதான் கஷ்டம். கோபப்படுகிறவரோடு என்றால் வாதாடலாம்.

“இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் அண்ணை, நல்ல கட்டுரை எழுதுறா” என்றேன் ஒருநாள். அவர் சைக்கிள் மணியைத் துடைத்தபடி யோசித்தார்.

“பெண்ணியம் நல்ல விசயம்தான் டீச்சர். அதை அஞ்சு மணிக்கு முன்னம் முடிக்கேலாதோ?”

வாசலுக்கு ஆள்

வலயப் போட்டி எங்கள் மண்டபத்திலேயே நடந்தது. காலையில் போய்ப் பார்த்தால், ரெஜினா சாரி கட்டி, பன்னீர்ச் செம்போடு வாசலில் நிற்கிறாள். பெண்ணியக் கட்டுரை எழுதின பிள்ளை வருகிறவர்களுக்குப் பன்னீர் தெளிக்க வேண்டுமாம். பள்ளிக்கூட அதிபரிடம் போனேன். நல்ல மனிசர்தான், கதிரைகளை இழுத்து ஒழுங்குபடுத்திக்கொண்டே பதில் சொன்னார்.

“மேடைக்கு ஒராள் போதும் டீச்சர். வாசலுக்குத்தான் வடிவான பிள்ளையள் வேணும்.”

தாண்டிய பக்கம்

மன்னாரிலிருந்து நடுவர்கள் பிந்தித்தான் வந்தார்கள். அங்கே பஸ் நிலையத்தடியில் சுற்றித் திரியும் கழுதைகள் வழிவிடவில்லையாம். நேரம் போதாதென்று டிலக்சன் ஒரு பக்கத்தைத் தாண்டி வாசித்து முடித்தான். நடுவராக வந்திருந்த ஓர் அம்மா, இந்தக் கதைகளில் எந்தப் பெண் தன் முடிவைத் தானே எடுக்கிறாள் என்று கேட்டார். டிலக்சன் தாளைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், கடைசியில் வாசலைப் பார்த்தான்.

ரெஜினா பன்னீர்ச் செம்பை அதிபரின் கையில் கொடுத்துவிட்டு நடுமண்டபத்துக்கு வந்தாள். ஒலிவாங்கி தேவைப்படவில்லை.

“ஒருத்தியும் எடுக்கேல்லை மிஸ். அது டிலக்சன் வாசிக்காம விட்ட பக்கத்தில இருக்கு. நான்தான் எழுதினனான்.”

யாழ்ப்பாணம்

மாகாணப் போட்டிக்கு ரெஜினாவைத்தான் தெரிவுசெய்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன். ஆனால் பின்னேரம் தகப்பன் வந்தார். யாழ்ப்பாணம் என்றதும் சைக்கிள் மணியைத் துடைக்கத் தொடங்கினார். சனிக்கிழமை போட்டிக்குப் போய்த் திரும்ப இருட்டிவிடும் என்று மூன்று பேருக்கும் தெரியும். நான் வாய் திறப்பதற்குள் ரெஜினா, “நான் போறன் அப்பா” என்றாள். அனுமதி கேட்கிற குரலே இல்லை. அவர் மகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“போ பிள்ளை. டீச்சரும் கூட வருவா தானே?”

ஆக, பெண்ணியத்தின் புண்ணியத்தில் ரெஜினா யாழ்ப்பாணம் போகிறாள். அந்தச் சனிக்கிழமை வீட்டில் யார் சமைப்பது என்று மட்டும் என் கணவர் இன்னும் என்னிடமே கேட்டுக்கொண்டிருக்கிறார்.