அக்கா தரம் பிரித்த கற்கள்

அக்கா போன கார்த்திகையில் மஞ்சள்காமாலையில் இறந்துபோனாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து நாலு நாள் கழித்து, அவள் பெயருக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியது எங்கள் அமெரிக்காக்காரி. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எனக்குத் தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

அவள் பிறந்தது அமெரிக்கா. படித்தது இங்கிலாந்தில், எழுநூறு வருஷப் பழசான ஒரு பல்கலைக்கழகத்தில். பெரம்பலூர், அரியலூர் பக்கத்து ஓடைகளில் நத்தையும் சிப்பியும் கல்லாகிப்போய்க் கிடக்கும். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்ததாம். அந்தக் கற்களைப் பொறுக்கி ஆராய்வதுதான் அவள் படிப்பு. தை மாசம் வந்தவள் பங்குனி வரைக்கும் எங்கள் பக்கத்தில் காலியாகக் கிடந்த வீட்டில் தங்கினாள். அக்காவைவிட இரண்டு வயது மூத்தவள். அறுப்பு முடிந்து வேலை இல்லாத நாட்கள், அக்கா கூடையை எடுத்துக்கொண்டு தினமும் அவளோடு ஓடைக்குப் போவாள். நானும் பின்னாலேயே போவேன்.

இங்கிலாந்திலேயே ஒரு வாத்தியாரிடம் அவள் தமிழ் படித்துவிட்டு வந்திருந்தாள். முழுக்கப் புத்தகத் தமிழ். முதல் நாள் எங்கள் வாசலில் வந்து நின்று, "தாங்கள் எனக்குச் சிறிது நீர் அளிக்க இயலுமா?" என்றாள். அக்கா சொம்பை அவளிடம் நீட்டிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ரேடியோப் பொட்டி நடந்து வந்திருக்குடி."

மத்தியானம் வேலமர நிழலில் சோறு தின்னும்போது அவள் தன் பல்கலைக்கழகத்துக் கதைகளைச் சொல்வாள். ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டுதான் உட்கார வேண்டுமாம். ஒரு பெரியவர் யாருக்கும் புரியாத பாஷையில் ஏதோ சொல்லி முடித்த பிறகுதான் தட்டில் கை வைக்கலாமாம். முற்றம் முழுக்கப் பச்சைப் புல்லாம். அதன்மேல் வாத்தியார்கள் மட்டும்தான் நடக்கலாமாம். அங்கே சேர்ந்த முதல் வாரம் இவள் தெரியாமல் குறுக்கே நடந்துவிட்டாள். காவல்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மரியாதையாகத் திட்டினாராம்.

"அதுல மாடு மேயாதா?" என்று அக்கா கேட்டாள்.

"மேயாது."

"ஆளும் நடக்கக் கூடாது, மாடும் மேயக் கூடாது. அப்பறம் எதுக்கு அத வளக்குறாங்க?"

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எழுநூறு ஆண்டுகளாக அவ்வாறே உள்ளது" என்றாள்.

அவள் பேசும் அமெரிக்கா இங்கிலீஷைக் கேட்டு அங்கே சிரிப்பார்கள் என்று சொன்னபோது அக்கா நம்பவில்லை. "வெள்ளக்காரிக்கே இங்கிலீசு வரலன்னு சொல்றாங்களா? ஏ புள்ள, பொய் சொல்லாத."

"பொய்யன்று. நான் வாய் திறந்தாலே அவர்கள் புன்னகை செய்கிறார்கள்."

"வுடு. நாங்க டவுனுக்குப் போயி வாயத் தொறந்தாலும் அப்படித்தான்."

அவளுக்கு ஒரு பயம் இருந்தது. அமெரிக்காக்காரர்கள் படிக்க வருவதில்லை, பழைய கட்டடம் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று அவள் பேராசிரியர் நினைப்பாராம். எந்தக் கல் எந்த ஓடையில் கிடைத்தது என்று சரியாகக் கொண்டுபோகாவிட்டால் பட்டம் கிடையாது, அமெரிக்காவுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். அதனால் ஒவ்வொரு கல்லோடும் ஒரு சீட்டு எழுதி வைப்பாள். சுடுகாட்டு ஓடை, பனைமரத்து ஓடை என்று ஏழு ஓடைக்கு ஏழு துணிப்பை. எல்லாம் எங்கள் மாட்டுக் கொட்டகையில் இருந்தன.

கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது டிக்கெட் விஷயமாகத் திருச்சிக்குப் பஸ் ஏறிப் போனாள். திரும்ப இரண்டு நாள் ஆகும். அக்கா ஆண்டிமடத்தில் சித்தி வீட்டில் இருந்துகொண்டு இரண்டு வருஷம் முந்திரிப் பருப்பு தரம் பிரித்தவள். முழுசு தனி, பாதி தனி, நொறுங்கல் தனி. எது கலந்து கிடந்தாலும் அவளுக்குக் கை சும்மா இருக்காது. "பாவம், அந்தப் புள்ள எல்லாத்தையும் மண்ணும் மட்டையுமாப் போட்டு வெச்சிருக்கு" என்று ஏழு பையையும் அவிழ்த்தாள். நானும் சேர்ந்துதான் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தேன். முழு நத்தை ஒரு பை, சிப்பி ஒரு பை, உடைசல் ஒரு பை. சாயங்காலம் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

திருச்சியிலிருந்து வந்தவள் பையை அவிழ்த்துப் பார்த்தாள். உள்ளே கையை விட்டுத் துழாவினாள். அப்புறம், "சீட்டுகள்?" என்றாள்.

"பத்தரமா இருக்கு. நனைஞ்சிடப் போவுதுன்னு எல்லாத்தையும் ஒரே கட்டாக் கட்டி வெச்சிருக்கேன்." அக்கா சந்தோஷமாக எடுத்துக் கொடுத்தாள்.

அவள் அந்தக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு கொட்டகைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். விக்கி விக்கி அவள் சொன்ன பிறகுதான் நாங்கள் செய்த காரியம் எங்களுக்கே புரிந்தது. அம்மா அக்காவைப் பிடித்துக்கொண்டாள். "பெரிய மேஸ்திரி இவ. ஒன்ன யாருடி கேட்டா?"

அக்கா திட்டு வாங்கிக்கொண்டே ஒரு கல்லை எடுத்தாள். தேய்த்தும் போகாமல் இடுக்கில் ஒட்டியிருந்த மண்ணை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தாள். "இது சுடுகாட்டோட. உப்புக் கரிக்குது." இன்னொன்றை எடுத்தாள். "இது பனமரத்தோட. நீ வழுக்கி வுழுந்தல்ல, அன்னிக்கி நாந்தான் எடுத்தேன்."

அவள் நம்பவில்லை. பதினோரு கல்லை மட்டும் நோட்டில் படம் வரைந்து ஓடையின் பெயர் எழுதியிருந்தாள். அந்தப் பதினொன்றையும் தேடி எடுத்து, மாற்றி மாற்றி நீட்டினாள். பதினொன்றையும் அக்கா சரியாகச் சொன்னாள். அப்புறம் மூன்று நாள் இருவரும் கொட்டகையை விட்டு நகரவில்லை. அக்கா நக்கிப் பார்த்துச் சொல்லச் சொல்ல, அவள் புதுச் சீட்டு எழுதினாள். தெரியாததைத் தெரியவில்லை என்று அக்கா ஒதுக்கி வைத்தாள். நாக்கு வெந்து அவளால் குழம்பு ஊற்றிச் சாப்பிட முடியவில்லை.

கிளம்பும்போது அவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "என் பேராசிரியர் இதனை நம்புவாரா?" என்று கேட்டாள்.

"நம்பலேன்னா அவரையும் நக்கிப் பாக்கச் சொல்லு."

அதற்கு அப்புறம் ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஒரு சேதியும் இல்லை. இப்போது வந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தேன். மூன்று வாத்தியார்கள் அவளை உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்களாம். பள்ளிக்கூடம் போகாத ஒரு பெண் நாக்கை வைத்துச் சொன்னதை எப்படி ஏற்பது என்றாராம் பேராசிரியர். ஒவ்வொரு கல்லிலும் இருக்கும் மண்ணைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்து வரச் சொல்லிவிட்டார்கள். ஒரு வருஷம் அதே வேலையாம். பார்த்தால், இரண்டு கல் தவிர எல்லாமே அக்கா சொன்ன ஓடைதான். பட்டம் கொடுத்துவிட்டார்கள். கடைசியில், "தோழி, இரண்டே பிழைகள். சினம் கொள்ளாதே" என்று எழுதியிருந்தாள்.

அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "செத்தத எழுதாதடி. அந்தப் புள்ளக்கி இப்பத்தான் நல்லது நடந்திருக்கு. அங்க ஒண்டியாக் கெடக்கு" என்றாள்.

"எழுதலேன்னா அது அக்காவுக்கே எழுதிக்கிட்டு இருக்கும்மா."

அம்மா மூக்கைச் சிந்திவிட்டு எழுந்து போய்விட்டாள்.

பெரம்பலூர் தபாலாபீசில் வெளிநாட்டுக் கடிதத்தாள் வாங்கி வந்து எழுதினேன். கண் மஞ்சளானது, கீழாநெல்லி கொடுத்தது, ஆஸ்பத்திரிக்கு லேட்டாகக் கொண்டுபோனது எல்லாம் எழுதினேன். எழுதும்போது அழுதேன். தாள் தீர்ந்துபோய், ஓரத்தில் நுணுக்கி ஒரு வரி சேர்த்தேன்: தப்பான அந்த இரண்டு கல் எது, அக்கா எந்த ஓடை என்று சொன்னாள், விவரமாக எழுதவும்.

அக்கா இருந்திருந்தால் பட்டத்தைப் பற்றி விசாரிக்கும் முன்னால் அதைத்தான் கேட்டிருப்பாள். கேட்டுவிட்டு, தப்பு அந்தக் கண்ணாடியில்தான் என்று சண்டைக்கும் நின்றிருப்பாள்.