கலியபெருமாள் தூங்கவில்லை

பிற்பகல் மூன்றரை மணி இருக்கும். செராமிக் பேட்டையில் என் வண்டிக்கு லோடு ஏறிக்கொண்டிருந்தது. ஃப்யூஸ் கட்டைகளை வைக்கோல் சுற்றிப் பெட்டி பெட்டியாக உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தார்கள். போன் அடித்தது. திரையில் கலியபெருமாள் அண்ணன் பெயர். எடுத்தேன். பேசியது வேறு ஒருவர், தெலுங்கில்.

"இந்த டிரைவர் உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். அந்த அளவுக்குத் தெலுங்கு எனக்குப் புரியும்.

"அண்ணன்," என்றேன்.

கூடப் பிறந்தவர் இல்லை. பதினோரு வருடம் ஒரே கேபினில் மாறி மாறி வண்டி ஓட்டினோம். ஒருவர் ஸ்டேரிங் பிடிக்கும்போது மற்றவர் பின்னால் பலகையில் படுத்துத் தூங்குவோம். அப்படித் தூங்குகிறவன் தன் உயிரைத்தான் முன்னால் இருப்பவன் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடுகிறான். வேறு என்ன உறவு சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கர்னூலுக்கு இந்தப் பக்கம் பைபாஸில் நின்றிருந்த அண்ணனின் லாரி மீது இன்னொரு லாரி மோதிவிட்டது, அவர் அங்கேயே போய்விட்டார் என்று அந்த மனிதர் சொன்னார். மறுநாள் செய்தித்தாளில் நான்கு வரி வந்தது. 'ஓட்டுநர் தூங்கியதால் விபத்து. விருத்தாசலம் லாரி டிரைவர் பலி' என்று. அதைப் படித்தவர்கள் இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொண்டார்கள். எங்கள் ஊர்ப் பாலக்கரை டீக்கடையிலும் பஸ் ஸ்டாண்டிலும் கலியபெருமாள் தூங்கிச் செத்தார் என்றே பேச்சு. சாவு வீட்டிலேயே அவருடைய மனைவி காதுபட ஒருவர் சொன்னார். இன்று அவருடைய படத்தைத் திறந்து வைக்க வந்திருக்கும் உங்களில் பலரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அது தவறு. தூங்கியவன் யார் என்று சொல்லத்தான் இதை எழுதி எடுத்து வந்திருக்கிறேன். அதில் என் கதையும் இருக்கிறது.

ஆறு வருடத்துக்கு முன், நாக்பூர் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். சேலம் தாண்டி, சின்னசேலம் தாண்டி, வேப்பூர் இன்னும் கொஞ்ச தூரம். வீட்டை விட்டுக் கிளம்பி ஒன்பதாவது நாள். சாயங்காலம் நான்கு மணி, நல்ல வெயில். நான் ஓட்டிக்கொண்டிருந்தேன், அண்ணன் பின்னால் படுத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் ரோட்டோரமாக வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பிள்ளைகள் யாரையும் நான் பார்க்கவில்லை. டயர் தார்ரோட்டை விட்டு மண்ணில் இறங்கிய சத்தத்தில் அண்ணன் எழுந்து, என் தோளுக்கு மேலே கையை நீட்டி ஸ்டேரிங்கை வலப்பக்கம் இழுத்தார். வண்டி ஒரு ஆட்டம் ஆடி ரோட்டுக்கு ஏறியது. நிறுத்தினேன்.

அவர் இறங்கிப் பின்னால் நடந்து போனார். கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சைக்கிள் விழுந்து கிடந்தது. பிள்ளைகள் அசையாமல் நின்றிருந்தார்கள். அவர் ஒவ்வொரு பிள்ளையாகக் கையைத் தொட்டு, காலைத் தொட்டுப் பார்த்தார். சைக்கிளை நிமிர்த்திக் கொடுத்தார். திரும்பி வந்து, என்னைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு அவரே ஓட்டினார். வேப்பூர் வந்தது.

"நான் தூங்கலண்ணே," என்றேன் நானாகவே.

"ஒன் கண்ணு தொறந்துதான்யா இருந்துச்சு. எழுந்திருக்கும்போது கண்ணாடியில பாத்தேன். தொறந்த கண்ணோட தூங்கிக்கிணு இருந்த," என்றார்.

அந்த ஊரில் அன்று எத்தனை வீட்டில் விளக்கு அணைந்திருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன். அவர் இதை முதலாளியிடம் சொல்லவில்லை. என் மனைவியிடமும் சொல்லவில்லை. இன்றுதான் முதன்முதலாக நாலு பேர் முன்னால் வெளியே வருகிறது.

அதற்குப் பிறகு அவருக்குத் தூக்கம் கெட்டது. பலகையில் படுத்தபடியே திடீரென்று கேட்பார்: "ராசேந்திரா, இப்ப தாண்டுனது எந்த ஊரு?" நான் பதில் சொல்ல ஒரு நொடி தாமதித்தாலும் "ஓரங்கட்டு" என்பார். முகம் கழுவி, ரோட்டோரம் ஸ்டவ்வைப் பற்றவைத்து ரசம் கொதிக்கவிட்டு, அது ஆறும்வரை இருவரும் நடப்போம். அதன்பிறகுதான் வண்டி நகரும். எங்கள் வண்டி எப்போதும் தாமதமாகத்தான் போய்ச் சேரும். ஆபீஸில் திட்டு வாங்குவது அவர். "என்னாலதாங்க லேட்டு, வயிறு சரியில்ல" என்று ஒவ்வொரு முறையும் அதையே சொல்வார்.

லைசென்ஸ் புதுப்பிக்க எங்களை ஒரு நாள் பயிற்சி வகுப்புக்கு அனுப்பினார்கள். முப்பது டிரைவர்கள் இருந்தோம். பாதிப் பேர் அப்போதுதான் வண்டியை விட்டு இறங்கி நேராக வந்தவர்கள். சொல்லிக்கொடுக்க வந்தவர் நல்ல பிள்ளை, வயது முப்பதுக்குள் இருக்கும். திரையில் ரோட்டு போர்டுகளைக் காட்டி அர்த்தம் சொன்னார். கடைசி இரண்டு வரிசை முழுக்கக் குறட்டை. அண்ணன் எழுந்து நின்றார்.

"சார், இந்த போர்டெல்லாம் எங்களுக்குத் தெரியுங்க. தூக்கம் வரப்போவுதுன்னு அஞ்சு நிமிசம் முன்னாடியே தெரிஞ்சிக்கறது எப்புடி? அதச் சொல்லுங்க."

சிலர் சிரித்தார்கள். அந்தப் பிள்ளை புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். "களைப்பாக இருக்கும்போது ஓட்டக் கூடாதுன்னு இருக்குதுங்கண்ணே. அவ்வளவுதான் இருக்குது," என்றார்.

"களைப்பா இல்லாத நாளு எங்களுக்கு எதுங்க?"

அவர் திரையில் அடுத்த போர்டுக்குப் போனார். தூங்கியவர்களுக்கும் சேர்த்து எல்லோருக்கும் மாலையில் சான்றிதழ் கொடுத்தார்கள். வெளியே வந்து அண்ணன் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவங்க எல்லாம் இப்ப நம்ம எதிர்ல வருவாங்க," என்றார்.

போன தைக்குப் பிறகு முதலாளி இரண்டு புது வண்டி எடுத்தார். டிரைவர் முகத்துக்கு நேராக ஒரு கேமரா. கண் சொருகினால் அது கத்தும், ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் தெரியும். கேமரா கம்பெனி ஆள் வந்து காலை டிபன் முடித்ததிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குள் அதைப் பற்றிச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"இனிமே ரெண்டு பேரு தேவையில்ல. ஆளுக்கு ஒரு வண்டி. ராசேந்திரன், ஒனக்குச் சம்மதமா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் முதலாளியைப் பார்த்து "சரிங்க" என்றேன். எனக்கென்று தனியாக ஒரு புது வண்டி என்ற ஆசை. நான் மாட்டேன் என்றிருந்தால் அவரும் மாட்டேன் என்றிருப்பார். இருவரும் சேர்ந்து சொன்னால் முதலாளி யோசித்திருப்பார். நான் ஒத்துக்கொண்ட பிறகு அவருக்கு வேறு வழி இல்லை. கோபித்துக்கொள்ளாமல் புதுச் சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

முதல் நடை போய்வந்து டீக்கடையில் உட்கார்ந்தபோது ஆள் இளைத்திருந்தார். "அது என் மூஞ்சியவே பாத்துக்கிணு இருக்குதுய்யா. கத்துது. கத்துனா முழிச்சிக்கறேன். மறுபடியும் கத்துது. அதுக்குக் கத்த மட்டுந்தான் தெரியும், ஸ்டேரிங்கப் புடிக்கத் தெரியாது," என்றார். இன்னொன்றும் சொன்னார். "ஒனக்கும் கத்துதா?" கத்துகிறது என்றேன். இரண்டு பேரும் அதற்குமேல் டீயைக் குடிக்கவில்லை.

கர்னூல் பக்கம் போனது அவருடைய மூன்றாவது நடை. சாவுச் செய்தி வருவதற்கு முக்கால் மணி முன்பு எனக்கு அவரிடமிருந்து போன் வந்தது. அதில் பேசியதைச் சொல்கிறேன். அவரோடு கடைசியாகப் பேசியவன் நான்தான்.

"ராசேந்திரா, கண்ணு கட்டுது. ஓரங்கட்டிட்டேன்."

"நல்லதுண்ணே. அரமணி நேரம் படுங்க."

"ஆபீஸ்லேர்ந்து ரெண்டு தபா போன் பண்ணிட்டாங்க. வண்டி ஏன் நிக்குதுன்னு கேக்கறாங்க."

"என்னா சொன்னீங்க?"

"வயிறு சரியில்லன்னேன்." சிரித்தார். பிறகு, "லாரிங்க நிக்க எடமே இல்லய்யா இங்க. ரோட்டு மேலதான் நிக்குது. பின்னால போயி நாலு கொழைய ஒடிச்சிப் போட்டுட்டு, கல்லு வச்சிட்டு வந்து படுக்கறேன். வூட்ல கேட்டா நல்லா இருக்கேன்னு சொல்லு," என்றார்.

லாரிக்குப் பின்னால் இருபதடி தள்ளி அவர் கிடந்ததாக ஸ்டேஷனில் சொன்னார்கள். கையில் இலையோடு ஒடித்த வேப்பங்கொழை இருந்தது. இரண்டு கல்லை ஏற்கெனவே வைத்திருந்தார். அவர் தூங்கவில்லை. தூக்கம் வருவதை முன்பே தெரிந்துகொண்டு, வண்டியை நிறுத்தி, மற்ற வண்டிகளுக்கு அடையாளம் வைத்துக்கொண்டிருந்த மனிதரைத்தான் அந்த லாரி அடித்தது.

உடலை வாங்க நான்தான் போனேன். ஸ்டேஷன் வராந்தாவில் மோதிய லாரியின் டிரைவர் உட்கார்ந்திருந்தார். எங்கள் வயதுதான். ஒரு காலில் செருப்பு இல்லை. அவரும் தனியாளாகத்தான் வந்திருக்கிறார். நான் யார் என்று தெரிந்ததும் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். தன் கண் திறந்துதான் இருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை என்று தெலுங்கில் திரும்பத் திரும்பச் சொன்னார். அங்கிருந்த போலீஸ்காரர் நம்பவில்லை. நான் நம்பினேன். அவரை அடிக்கத்தான் ஊரிலிருந்து போனேன். அடிக்க முடியவில்லை.

ஊருக்கு வந்ததும் அண்ணனின் மனைவி அஞ்சலை அண்ணி என்னிடம் கேட்டது ஒன்றுதான். "அவரு தூங்கிட்டாராப்பா?"

"இல்ல அண்ணி. முழிச்சிக்கிணுதான் இருந்தாரு. தூங்குனவன் நான்," என்று சொல்லி, ஆறு வருடத்துக்கு முந்தைய அந்தச் சாயங்காலத்தை முழுவதும் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று தலைகுனிந்து காத்திருந்தேன். அண்ணி முழுதும் கேட்டுக்கொண்டார். பிறகு, "இத நாலு பேரு முன்னால சொல்லுவியா?" என்றார். சொல்லிவிட்டேன், அண்ணி.

அண்ணன் ஓட்டிய வண்டி பட்டறையிலிருந்து வந்துவிட்டது. பின்பக்கம் புதுப் பலகை அடித்து, பெயின்ட் பூசியிருக்கிறார்கள். கேமராவுக்கு ஒரு கீறலும் இல்லை. புது டிரைவருக்கு அரைநாள் சொல்லிக்கொடுத்து, திங்கட்கிழமை நாக்பூருக்குத் தனியாக அனுப்பிவிட்டார்கள். எனக்கும் சாவியை நீட்டினார் முதலாளி. இரண்டாவது டிரைவர் இல்லாமல் ஏறமாட்டேன் என்றேன். வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்றார். பார்த்துக்கொள்வார். ஆட்கள் கிடைப்பார்கள்.

இருபத்திரண்டு வருடம் ஓட்டியவன் என்று ஒரு காலத்தில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். இப்போது பக்கத்திலிருக்கும் பெண்ணாடம் வரைக்கும் உள்ளூர் லோடு எடுப்பதென்றாலும் பயம் வருகிறது, முகம் கழுவிவிட்டுத்தான் ஏறுகிறேன். போகப் போகச் சரியாகிவிடும் என்கிறார்கள் கூட ஓட்டுகிறவர்கள். சரியாக வேண்டாம். கலியபெருமாள் அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பயம் ஒன்றுதான். நான் ஸ்டேரிங் பிடிக்கும் காலம்வரை இது என்னை விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வேன்.