தம்பி வாய் திறக்கும் முன்னே

கொரோனா முடிந்து குற்றாலத்து அருவிகளைத் திறந்துவிட்ட வருஷத்துச் சீசனில் என் வீட்டுக்காரர் இறந்துபோனார். மேலகரத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் எண்ணெய் டின்னைத் தூக்கி வைத்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். என் கூடப்பிறந்த தம்பி தங்கராஜ் ஆட்டோ ஓட்டுகிறவன். அடுத்த தெருதான். போன் போட்டேன். "இந்தா வந்துட்டேன்க்கா" என்றான். வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் ரோட்டில் போன ஒரு வேனை மறித்து எங்களை ஏற்றினார்கள். தென்காசி ஆஸ்பத்திரி வாசலில், என் மடியிலேயே உயிர் போயிற்று.

அந்த நேரம் தம்பி ஐந்தருவிக்குச் சவாரி போயிருந்தான் என்று மறுநாள் யாரோ சொன்னார்கள். அவனிடம் நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் குழியில் மண் போட்டார்கள். அவனும் குனிந்து அள்ளினான்.

"கீழ போடுலே. ஒன் கை மண்ணு அவிய மேல விழக்கூடாது" என்றேன்.

ஊரே பார்த்தது. மண்ணை உதறிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு என் வாசலுக்கு வரவில்லை.

நான் யாருக்கும் தாழ்ந்துபோனவள் இல்லை. படிப்பு அதிகம் கிடையாது. வேதத்தை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். இதைக்கூட நான் சொல்ல, மகள் கிருபாதான் எழுதுகிறாள். ஆனால் குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் விற்று அவளை நர்ஸாக்கினவள் நான். பொய்யாக நடக்க எனக்கு வராது. அதனால் திருவிருந்து நாளில், மனத்தாங்கல் உள்ளவர்கள் சமாதானமாகி வாருங்கள் என்று போதகர் சொல்லும்போது நான் எழுந்திருக்க மாட்டேன். எல்லோரும் அப்பமும் திராட்சரசமும் வாங்க முன்னே போவார்கள். நான் என் இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன். உள்ளே ஒன்றை வைத்துக்கொண்டு கை நீட்டுகிறவர்களைவிட நான் மேல் என்றே நினைத்தேன்.

ஜெபம் மட்டும் விடவில்லை. "ஆண்டவரே, அவனை என் முன்னால் கொண்டுவந்து மன்னிப்புக் கேட்க வையும், அப்புறம் மன்னிக்கிறேன்" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். பதில் இல்லை. தூக்கம் போயிற்று. சோறு இறங்கவில்லை.

போன ஐப்பசியில், வயிற்றில் கட்டி என்றார்கள். ஆபரேஷன் செய்ய வேண்டும், இருதயமும் பலவீனம், உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். போதகர் ஆஸ்பத்திரிக்கே திருவிருந்து கொண்டுவந்தார்.

"எனக்கு வேண்டாம் ஐயா."

"ஏன் ஆச்சி?"

"தம்பி மேல கோவம் இருக்கு. அத வச்சிக்கிட்டு பொய்யா வாங்க மாட்டேன்."

மெச்சுவார் என்று நினைத்தேன். அவர் தட்டை மூடினார்.

"சோத்துப் பானைக்குப் பக்கத்துல பட்டினி கெடக்கதுக்குப் பேரு நேர்மையா ஆச்சி? கோவத்த விட்டுட்டு வாங்கன்னுதானே சொன்னோம். அதுக்குக் காவல் இருக்கவா சொன்னோம்?"

"நல்லாக் கேளுங்க ஐயா" என்றாள் கிருபா. "மாமா ஆட்டோ போனா முத்தத்துல நின்னு காறித் துப்புதா. தெருவே சிரிக்குது."

"வாய மூடுட்டி" என்றேன்.

அவர் போனபின் எனக்குப் பயம் வந்தது. சாவைப் பற்றி இல்லை. இந்த வெறுப்போடு ஆண்டவர் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்ற பயம். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதேன். "அவன் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சரி ஆண்டவரே. மன்னிக்க என்னிடம் ஒன்றுமில்லை. நீர் தந்தால் உண்டு."

தரிசனம் வரவில்லை. சத்தம் கேட்கவில்லை. ஆனால், "மாமாவக் கூப்புடுட்டி" என்று என் வாய் சொன்னது.

காக்கிச் சட்டையோடு வந்து கதவோரம் நின்றான். தலை நரைத்திருந்தது.

"உள்ள வாலே. அங்கன நின்னா வாட்ச்மேன்னு நெனச்சிருவாவ."

"அக்கா, அன்னைக்கு..."

"ஒண்ணும் சொல்லாத. நான் மன்னிச்சிட்டேன்." அவன் கையைப் பிடித்தேன்.

அவன் தேம்பினான். "இல்ல, கேளுக்கா. சவாரிக்குத்தான் போனேன். அத்தானுக்கு எப்பவும் போல வாயுவாத்தான் இருக்கும், எறக்கி விட்டுட்டு ஓடி வந்திருவோம்னு நெனச்சேன். கூட்டத்துல வண்டி மாட்டிக்கிட்டு. அத்தான நான்தான்க்கா கொன்னுட்டேன்."

இத்தனை வருஷமும் நான் சந்தேகப்பட்டது பொய் இல்லை. அவன் வாயாலேயே கேட்டேன். நெஞ்சு கொதித்தது. கையை உதற நினைத்தேன். ஆனால் என் கை அவன் கையை இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தது. அது என் பலம் இல்லை. என்னை எனக்குத் தெரியும். கேட்ட ஜெபத்துக்கு வந்த பதில் அந்தப் பிடிதான்.

"சரிலே. அழாத. மூஞ்சியத் தொடச்சிக்கோ" என்றேன்.

மறுநாள் காலை போதகர் வந்தார். தம்பியும் நானும் சேர்ந்து வாங்கினோம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கெட்ட கட்டி இல்லை என்றார்கள். அதற்கும் ஸ்தோத்திரம். ஆனாலும் பெரிய சுகம் அதற்கு முன்னாலேயே கிடைத்துவிட்டது.

எல்லாம் துடைத்துப் போட்டதுபோல் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். தம்பி இப்போது வீட்டுக்கு வருகிறான். சில நாள் அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே என் வீட்டுக்காரர் முகம் கண்முன் வந்துவிடும். பழைய கசப்பு தொண்டைவரை ஏறும். அடுப்படிக்குப் போய் நின்று மறுபடியும் கேட்பேன். மறுபடியும் தருவார்.

பிரியமானவர்களே, உங்களுக்கும் ஒருவர் இருப்பார். நியாயம் உங்கள் பக்கமே இருக்கலாம். என் பக்கமும் இருந்தது. அது எனக்குத் தூக்கம் தரவில்லை. அவர்கள் வந்து கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். உங்களிடம் இல்லாததை ஆண்டவரிடம் கேளுங்கள். எனக்கு இன்று காலையிலும் கொடுத்தார்.