வாடை இல்லாத சட்டை

அறுபதுகளின் தொடக்கத்தில், வியாழன் சாயங்காலம் ஏழரை மணிக்கு வானொலியில் துப்பறியும் நாடகம் வரும். அந்த அரை மணி நேரம் குழம்பு அடிப்பிடித்தாலும் நான் எழுந்திருக்க மாட்டேன். மழைச் சத்தம், பூட்ஸ் சத்தம், தீக்குச்சி உரசும் சத்தம், பிறகு துப்பறிகிறவரின் கரகரத்த குரல். கொலை செய்தவன் யார் என்று பாதியிலேயே சொல்லிவிடுவேன். ஆம்பூரில் நான் பள்ளிக்கூட டீச்சர். பொய் சொல்லும் முகங்களைப் பார்த்துப் பார்த்துப் பழகியவள்.

"உனக்கு எல்லார் மேலயும் சந்தேகம்தான்" என்று என் கணவர் சிரிப்பார்.

அவர் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலையில், வேலை செய்தார். பதனிட்ட தோல்களை அடுக்கி வைக்கும் கிடங்குக்கு அவர்தான் பொறுப்பு. எங்கள் பக்கம் தோல் ஷாப்பிலிருந்து திரும்பும் ஆண்கள் நேராக உள்ளே வரமாட்டார்கள். பின்கட்டில் சட்டையைக் கழற்றித் தனிக்கொடியில் போட்டு, குளித்த பிறகுதான் வீட்டுக்குள் நுழைவார்கள். அந்தச் சட்டையை இரண்டு முறை துவைத்தாலும் தோலும் அதை ஊறவைக்கும் ஆவாரம்பட்டையும் கலந்த வாடை போகாது.

ஒரு திங்கட்கிழமை அவர் கழற்றிப் போட்ட சட்டையில் வாடையே இல்லை. மறுநாளும் இல்லை, அடுத்த வாரமும் இல்லை. வேறு ஊர்ப் பெண் என்றால் சந்தோஷப்பட்டிருப்பாள். நானோ, ஷாப்புக்குப் போகாமல் பகலெல்லாம் எவள் வீட்டிலோ இருக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன்.

புதன்கிழமை பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அவர் பின்னாலேயே போனேன். ஷாப் வாசலைத் தாண்டினார். எந்தச் சந்திலும் திரும்பவில்லை. ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அவள் வரட்டும், இரண்டு பேரையும் சேர்த்துக் கிழித்துவிடலாம் என்று தூணுக்குப் பின்னால் நின்றேன். ஜோலார்பேட்டைப் பக்கம் இரண்டு வண்டிகள் போயின. ஒருத்தியும் வரவில்லை. மத்தியானம் நான் கட்டிக்கொடுத்த தயிர்சாதத்தைத் தனியாகச் சாப்பிட்டுவிட்டு, டப்பாவைக் குழாயில் கழுவினார். அதற்கு மேல் என்னால் ஒளிந்து நிற்க முடியவில்லை.

"இன்னாங்க இது? இங்க இன்னா பண்றீங்க?"

அவர் எழுந்திருக்கவில்லை. "கெடங்குல நாலு கட்டு தோல் கம்மியாச்சு. நான்தான் எடுத்துட்டேன்னு வேலய விட்டு நிறுத்திட்டாங்க. பத்து நாளாவுது."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீயும் சந்தேகப்பட்டுட்டா?"

உங்களையா சந்தேகப்படுவேன் என்று அந்த நொடியே சொல்லியிருக்க வேண்டும். என் பாழாய்ப்போன புத்தி, கிடங்குச் சாவி இவரிடம் மட்டும்தானே இருந்தது என்று யோசிக்கப் போய்விட்டது. ஒரு மூச்சு நேரம்கூட இருக்காது. நிமிர்ந்தபோது அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க எடுத்திருக்க மாட்டீங்க" என்றேன்.

"சரி, வா போலாம்" என்று டப்பாவை எடுத்துக்கொண்டு, எனக்காக நிற்காமல் முன்னால் நடந்தார்.